சென்னியப்பன் கொண்டுபோன தண்ணீர்

சென்னியப்பன் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. கோவிந்தாபுரத்துக்கு மேற்கே அவருக்கு ஆறு ஏக்கர் மேட்டுநிலம் இருந்தது. கடலையும் சோளமும் போடுவார். மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் கொஞ்சம் பருத்தி. பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி கட்டினால் போன வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவாரே தவிர, காப்பிக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச மாட்டார். ஆனால் ஒன்றை மட்டும், கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அது அவர் சம்சாரம் முத்தாத்தாள் செத்துப் பிழைத்த கதை. தன் தப்பை மறைக்காமல் அதில் சேர்த்தே சொல்வார்.

அது 1927, வைகாசி மாதம். முத்தாத்தாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒரு வருஷமாகவே அவளுக்குத் தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்திருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும், குனிந்து வேலை செய்தால் வெளியே வந்துவிடும். இருக்கிற இடம் அப்படி, யாரிடம் போய்க் காட்டுவது? கட்டிய புருஷனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் சோளத்தட்டுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தபோது அந்த வீக்கம் வெளியே வந்தது. பிறகு எவ்வளவு அமுக்கியும் உள்ளே போகவில்லை.

மத்தியானம் வாந்தி ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் வயிறு தம்பட்டம் போல உப்பிவிட்டது. பக்கத்து ஊர் வைத்தியர் விளக்கெண்ணெய் கொடுத்தார், அதுவும் வெளியே வந்தது. மறுநாள் விடிந்தபோது வாந்தியில் மலத்தின் வாடை அடித்தது. அப்போதுதான் அவள் புருஷனிடம் வீக்கத்தைக் காட்டினாள். சென்னியப்பன் ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய் மாட்டைப் பிடித்து வண்டியில் பூட்டினார்.

அண்ணன் நஞ்சப்பன் வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போன பொம்பளை எவள் திரும்பி வந்தாள், அங்கே கண்ட கண்ட ஆட்களும் தொடுவார்கள், போகிற உயிர் வீட்டிலேயே போகட்டும் என்றார். சென்னியப்பன் பதினொரு வயது மகள் கமலாத்தாளை அண்ணி கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணனைச் சுற்றி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்துக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை. வைக்கோல் மெத்தையில் கிடந்த முத்தாத்தாள் வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பல்லைக் கடித்தாள். பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் மிஷன்காரர்கள் நடத்திவந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

பதினாறு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. டாக்டர் ஏலியாம்மா திருவிதாங்கூர்க்காரர், மதராஸில் படித்தவர். முத்தாத்தாளின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வெளியே வந்து, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சென்னியப்பனிடம் சொன்னார். குடலில் ஒரு வளையம் சந்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ரத்த ஓட்டமில்லாமல் அழுகத் தொடங்கியிருக்கலாம். வயிற்றைத் திறந்தால் பிழைக்க வழியுண்டு, திறக்காவிட்டால் நாளை மறுநாள் உயிர் இருக்காது. சென்னியப்பன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு முற்றத்துப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். ஒரு சாண் குடல் கறுத்துப் போயிருந்தது, அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் பட்டு நூலால் சேர்த்துத் தைத்திருக்கிறேன் என்றார். தையல் பிடிக்க எட்டு, பத்து நாளாகும். அதுவரை ஆஸ்பத்திரியில் கொடுப்பதைத் தவிர ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது என்று விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னார். சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வார்டில் நாச்சம்மாள் என்றொரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். நாற்பது வயது, புருஷன் இல்லை. கழிவுப் பாத்திரம் எடுப்பது, துணி வெளுப்பது, பெரிய செப்புக் கொப்பரையில் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுவது எல்லாம் அவள் வேலை. நர்சுகளுக்குக் கை ஒழியாதபோது நோயாளிகளுக்குக் கரண்டியால் தண்ணீர் ஊட்டுவதும் அவள்தான். அவளைப் போலச் சேரித் தெருவில் பிறந்தவர்களுக்குச் சென்னியப்பனின் ஊரில் பொதுக்கிணற்றில் கயிறு விட உரிமை கிடையாது.

மூன்றாம் நாள் முத்தாத்தாளுக்கு முதல் கரண்டித் தண்ணீரை ஊட்டியவள் நாச்சம்மாள். முத்தாத்தாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தாகம் தாங்காமல் குடித்தாள். வாசலில் நின்று பார்த்த சென்னியப்பன் அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் முற்றத்துக்கு இறங்கிப் போனார். அவர் யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லாதவர்தான். ஆனாலும் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை வேறு ஆள் தொட்டு அவர் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பார்க்கப் போனபோது முத்தாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் கெடச்சாப் போதுமுங்க. இந்தத் தண்ணி எறங்க மாட்டேங்குது."

பத்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தவள் இதுவரை ஒரு சேலைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. சென்னியப்பன் அன்றே வண்டி கட்டினார். மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நர்சிடம் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரும்போது பித்தளைச் சொம்பில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டிக் கொண்டுவந்தார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இரண்டு மிடறு கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முகம் தெளிந்தது போல அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலையிலும் கொடுத்தார்.

ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஏழாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. முதலில் தண்ணீராகப் போனது, பிறகு சளியும் ரத்தமுமாகப் போனது. மத்தியானத்துக்குள் இருபது தடவை. கண்கள் குழிக்குள் போய்விட்டன, குரல் எழும்பவில்லை. டாக்டரம்மா அவளை வராந்தாக் கோடியில் இருந்த தனி அறைக்கு மாற்றச் சொன்னார். குடலுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்றார். நல்ல உடம்புக்கே இது பொல்லாத சீக்கு, இவளுக்கோ புதுத் தையல் போட்ட குடல். அது வெந்து புண்ணாகித் தையல் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிடும். இந்தக் கிருமியைக் கொல்ல என்னிடம் மருந்து கிடையாது, உடம்பிலிருந்து போகிற தண்ணீரைத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம் என்றார். தொடைத் தோலுக்கடியில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். தொடை பூசணிக்காய் போல வீங்கிப் பிறகு மெல்ல வடிந்தது.

கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. வார்டில் எல்லோரும் குடிப்பது ஒரே கொப்பரைத் தண்ணீர், வேறு ஒருவருக்கும் இந்தச் சீக்கு இல்லை. பெரிய நர்சுக்குச் சந்தேகம் நாச்சம்மாள் மேல் போயிற்று. கழிவுப் பாத்திரம் எடுத்த கையைச் சரியாகக் கழுவாமல் கரண்டியைத் தொட்டிருப்பாள் என்றார். தான் கை கழுவாமல் எதையும் தொட்டதில்லை என்று நாச்சம்மாள் சொன்னாள், ஒரே தடவை சொன்னாள். டாக்டரம்மா சென்னியப்பன் பக்கம் திரும்பி, வெளியிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் சென்னியப்பன்.

அந்த ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்தது. விஷயம் தெரிகிற வரைக்கும் வார்டுக்குள் வர வேண்டாம் என்று நாச்சம்மாளைத் துணி வெளுக்கிற கொட்டகைக்கு அனுப்பினார்கள். வேலையே போகும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சென்னியப்பன் கொட்டகைப் பக்கமாகப் போனார். நாச்சம்மாள் அடுப்பின் முன்னால் நின்று ஒரு விரிப்பைக் கோலால் கிண்டி வேகவைத்துக்கொண்டிருந்தாள். முத்தாத்தாளின் கட்டிலில் விரித்திருந்த விரிப்பு அது. அவரைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று, அம்மாளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் வாய் திறப்பதற்குள் அவளே மேலும் சொன்னாள்.

"ஒதடு வெடிச்சுக் கெடந்துதுங்க நேத்து. துணிய நனச்சு ஒத்தி எடுக்கச் சொல்லுங்க, கவுண்டரே. புது நர்சுக்கு அது தெரியாது."

சென்னியப்பன் அங்கிருந்து நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். சொம்பை, துணியை, இரண்டு வேளையும் கொடுத்ததை, கேட்டபோது பொய் சொன்னதை எல்லாம் சொன்னார். டாக்டரம்மா கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மாட்டுக் கொட்டகையும், பிள்ளைகள் ஒதுங்குகிற வேலி ஓரமும் இருக்கிறது என்று அவர் சொன்னார். ஊரில் யாருக்காவது வயிற்றுக்கடுப்பு உண்டா என்று கேட்டார். கோடையில் நாலைந்து வீடுகளில் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இது நேத்தே பறஞ்சிருக்கணும்," என்றார் டாக்டரம்மா. வேறு கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தானே கொட்டகைக்கு நடந்து போய், பெரிய நர்சையும் அங்கே கூப்பிட்டு, நாச்சம்மாள் மேல் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றார். பின்னாலேயே போன சென்னியப்பன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"தப்பு என்மேலதாம்மா. உம்மேல பழி உழுகறதப் பாத்துக்கிட்டு வாய மூடிட்டு நின்னேன்."

அந்தத் தெருப் பெண் ஒருத்தியை அம்மா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாச்சம்மாள் கோலை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவ ஆரம்பித்தாள்.

"இப்பச் சொல்லீட்டீங்கல்ல, அது போதுமுங்க. இனி அந்தம்மா பொழைக்கறதப் பாப்பமுங்க."

கழுவிய கையோடு போனவள் அடுத்த எட்டு நாளும் அந்த அறையை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். வாசலில் பாயைப் போட்டுக்கொண்டாள். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சித் தெளிவை நிமிஷக் கணக்கில் ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக ஊட்டினாள். கக்கினால் துடைத்துவிட்டுப் பொறுத்திருந்து மறுபடி ஊட்டினாள். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்தாள். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தில் சுண்ணாம்பு தூவி, மூடி, எடுத்துப் போய்க் குழியில் கொட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த மருந்து பட்டுப் பட்டு அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. பெரிய நர்ஸ் ஒரு நாள் தன் அறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றிவிட்டுப் போனார்.

சென்னியப்பனை அறைக்குள் விடவில்லை. சும்மா உட்கார முடியாமல் அவர் கோடாலியை வாங்கிக்கொண்டு கொப்பரை அடுப்புக்கு விறகு பிளந்தார். தண்ணீர் காய்ச்ச, துணி வேகவைக்க, கத்தியும் கரண்டியும் கொதிக்கவைக்க என்று அந்த அடுப்பு நாளெல்லாம் விறகு கேட்டது. அவர் பிளந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பத்தாம் நாள் தையல் போட்ட இடத்தில் ஒரு ஓரம் பிரிந்து சீழ் வந்தது. டாக்டரம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார், பஞ்சால் ஒற்றிப் பார்த்தார். குடலில் இருப்பது எதுவும் வரவில்லை, மேல் தோலில் வந்த சீழ்தான் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே தையல் தாங்கியிருந்தது. பதினைந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பதினாறாம் நாள் நாச்சம்மாள் மூடிய பாத்திரத்தோடு டாக்டரம்மாவைத் தேடிக்கொண்டு வராந்தாவில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். கட்டியாகப் போயிருந்தது. டாக்டரம்மா சிரித்தார், பெரிய நர்ஸ் சிரித்தார். விஷயம் புரிந்த சென்னியப்பன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, தலைப்பாகைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அதைவிட நல்ல சேதி வேறு இல்லை.

அதற்குப் பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். முத்தாத்தாள் சுள்ளி மாதிரி இருந்தாள். உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது தண்ணீர் விஷயத்தைத்தான். அதனால்தான் உனக்கு இந்தப் பாடு என்றார்.

"நாந்தானுங்களே கேட்டேன்," என்றாள். "எனக்கு அந்தக்கா ஊட்டுன தண்ணி எறங்கலீன்னு சொன்னனே. அப்பறம் எட்டு நாளும் அந்தக் கையிலதானுங்க உசுரு இருந்துது."

முப்பத்தொன்றாம் நாள் அவர்கள் ஊர் திரும்பினார்கள். சென்னியப்பன் வந்ததும் செய்த முதல் வேலை, கிணற்றைச் சேறு வாரி இறைத்ததுதான். மாட்டுக் கொட்டகையை மேற்கே தள்ளிப் போட்டார். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல் வைத்து இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினார். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற்றித்தான் வீட்டில் குடிக்கவேண்டும் என்று ஆயிற்று. ஊரில் அவருக்கு ஆஸ்பத்திரிக் கவுண்டர் என்று பெயர் வந்தது. அதை அவர் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார். அடுத்த கோடையில் வயிற்றுக்கடுப்பு வந்தபோது அவர் வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை. அதற்கடுத்த கோடைக்குள் பக்கத்து இரண்டு வீடுகளிலும் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு என்ன செய்வது என்று அவர் வெகுநாள் யோசித்தார். சேலை கொண்டுபோனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த அடுப்பு ஞாபகம் வந்தது. காட்டோரத்தில் பட்டுப்போன வேலமரத்தை வெட்டி வண்டி நிறைய விறகு கொண்டுபோய் இறக்கினார். இதை வேண்டாமென்று சொல்ல டாக்டரம்மாவால் முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு வண்டி, மழையானாலும் அறுவடையானாலும், போய்க்கொண்டே இருந்தது. முத்தாத்தாளும் பல தடவை கூடவே போவாள். வயிறு கிழித்த பெண்கள் யாராவது பயந்துபோய்க் கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியிலிருந்து எதுவும் வாங்கிக் குடிக்காதே என்று தன் கதையைச் சொல்லிவிட்டு வருவாள்.

1932இல் கமலாத்தாளுக்குக் கல்யாணம். சென்னியப்பனும் முத்தாத்தாளும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து நாச்சம்மாளை அழைத்தார்கள். அவள் வந்தாள். ஆனால் பந்தலுக்குள் வராமல் வண்டிகள் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டாள். முத்தாத்தாள் வெளியே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பந்தியில் உட்காரவைத்து, தன் கையால் இலை போட்டுப் பரிமாறினாள். நஞ்சப்பனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இலையை விட்டு எழுந்து போனார்கள். அதில் நாச்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னால் நல்ல காரியத்தில் சங்கடம் வந்ததே என்று எழுந்திருக்கப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா இல்லாமல் வளர்ந்திருக்க வேண்டியவள் நான், நீங்கள் சாப்பிடாமல் போனால் நானும் சாப்பிட மாட்டேன் என்று சொல்லவே, அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். நஞ்சப்பன் மூன்று வருஷம் தம்பி வீட்டுப் படியேறவில்லை. சென்னியப்பனுக்கு அது வருத்தம்தான். ஆனாலும் செய்ததற்காக அவர் வருத்தப்படவில்லை.

டாக்டர் ஏலியாம்மா 1934இல் திருவிதாங்கூருக்கே மாறிப் போனார். அதற்கடுத்த தைப்பூசத்துக்குச் சென்னியப்பனும் முத்தாத்தாளும் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குப் போனார்கள். தேங்காய் பழத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார்.

"ஏலியாம்மா, நாச்சம்மா," என்றார் சென்னியப்பன்.

நட்சத்திரம் கேட்டார் குருக்கள். இரண்டு பேருடைய நட்சத்திரமும் தெரியாது என்றார் சென்னியப்பன். நாச்சம்மாளிடம் முன்பே கேட்டுப் பார்த்திருந்தார்; தான் பிறந்த மாதம்கூட அவளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் சாமி பேருக்கே செய்துவிடலாமே என்றார் குருக்கள். சென்னியப்பன் தலையசைத்து மறுத்தார். பேரைச் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றார். கூட்டம் பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தது.

"ஆருங்க இவங்க, உங்களுக்கு?" என்று கேட்டார் குருக்கள்.

"எங்க ஊட்டு ஆளுங்கதானுங்க," என்றாள் முத்தாத்தாள்.

குருக்கள் உள்ளே திரும்பி இரண்டு பேரையும் சத்தமாகச் சொல்லிப் பூவை எடுத்தார்.